பாதிதான் மீண்டது

கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கை யாரும் தயவுசெய்து தட்டிப் பார்க்க வேண்டாம். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். பழைய ரேடியோவைத் தட்டிப் பழகிய கை, அதே நினைப்பில் இதையும் தட்டிவிடுகிறது. உள்ளே சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முள்ளுக்கும் நடுவில் ஒரு தலைமுடி நுழையக்கூட இடம் கிடையாது. தட்டினால் முள் போய் உரசும். உரசிய இடத்தில் இருந்தது போனது போனதுதான். டிஸ்க் முனக ஆரம்பித்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள். மிச்சத்தை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் எதையும் பாழாக்குகிறவன் இல்லை. தொலைந்துபோன கோப்புகளை மீட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. கடையில் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குக் கை நடுங்காது, அவசரமும் கிடையாது. நேற்று நீங்கள் என் வீட்டில், காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "என் தம்பிய என்ன பண்ணினீங்க? எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். உங்கள் தம்பி இறந்து பல வருடம் ஆகிறது. நான் அவரை நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அக்கா என்ற முறையில் நீங்கள் கேட்டது நியாயம்தான். எழுதுகிறேன்.

உங்கள் தம்பியின் மனைவி, அதாவது சட்டப்படி இன்றைக்கும் என் மனைவி, எங்கள் கடைக்கு முதலில் தண்ணீர் கொட்டிய ஒரு லேப்டாப்போடுதான் வந்தாள். கூடவே பிள்ளை. கொட்டியது யார் என்று நான் கேட்பதற்கு முன்பே பிள்ளை கையைத் தூக்கிவிட்டாள். "நான்தான். ஆனா வேணும்னு கொட்டல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அதிகம் சிரிக்கிற ஆள் இல்லை. லேப்டாப் சரியான பிறகும் பேச்சு நிற்கவில்லை. சார்ஜர் சரியில்லை என்பாள், நான் வீட்டுக்கே வந்து பார்க்கிறேன் என்பேன். நன்றாக இருந்த சார்ஜர் அது. இரண்டு பேருக்குமே தெரியும். கணவர் வேலைக்குப் போன இடத்தில் சுருண்டு விழுந்து இறந்ததை என்னிடம் ஒருமுறைதான் சொன்னாள். நான் மறுபடி கிளறவில்லை. அதுதான் அவளுக்கு என்னிடம் பிடித்ததாம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்று நீங்களும் வந்திருந்தீர்கள். பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்தது நீங்கள்தான். "பத்திரமாப் பாத்துக்கங்க" என்றீர்கள். பார்த்துக்கொண்டேன்.

என் வீட்டுக்கு வரும்போது அவள் பெரிதாக எதுவும் கொண்டுவரவில்லை. துணிமணி, பிள்ளையின் புத்தகங்கள், பிறகு அந்தக் கறுப்புப் பெட்டி. உங்களுக்குத் தெரிந்த பெட்டிதான். உங்கள் தம்பி ஒலிப்பதிவாளர், ஊர் ஊராகப் போய்ப் படங்களுக்குச் சத்தம் பிடித்து வருகிறவர். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது போலிருக்கிறது. மைக்கை அலமாரிமேல் வைத்து ஓடவிட்டுவிட்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்திருக்கிறார். குழாய் சொட்டுவது, ஜன்னலில் மழை விழுவது, பிள்ளை தத்தக்கா பித்தக்கா என்று நடந்து போய்க் கதவில் முட்டிக்கொள்வது எல்லாமே அதில் இருந்தன. நீங்களும் இருந்தீர்கள். "டேய், சாப்பிடும்போதாவது அந்த மைக்க அந்தப் பக்கம் வைடா" என்று திட்டுவீர்கள். நேரில் அதிகம் பழகுவதற்கு முன்பே உங்கள் குரல் எனக்குப் பழக்கம்.

அந்தப் பெட்டிக்குள் நான்கு டிஸ்க்குகள். நான்கையும் கோத்து ஒரே தொகுப்பாக வைத்திருந்தார். ஒவ்வொரு பதிவும் துண்டு துண்டாக நான்கிலும் பிரிந்து கிடக்கும். அதன் அழகு என்னவென்றால், நான்கில் ஒன்று செத்துப்போனாலும் மற்ற மூன்றும் சேர்ந்து கணக்குப் போட்டு, செத்ததில் என்ன இருந்தது என்று சொல்லிவிடும். இரண்டு செத்தால்தான் ஆபத்து. விவரமான ஆள் உங்கள் தம்பி. வீட்டுச் சத்தம் ஒன்றுகூடத் தொலைந்துவிடக் கூடாது என்று யோசித்துச் செய்திருக்கிறார். அதைத் திறந்து பார்த்த அன்றைக்கே எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை அதை 'அப்பா பெட்டி' என்பாள். போகிறபோதும் வருகிறபோதும் அதன்மேல் உள்ளங்கையை வைத்துவிட்டுப் போவாள். டிஸ்க் ஓடுவதால் இளஞ்சூடாக இருக்கும். என்னை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெயரும் கிடையாது, உறவும் கிடையாது. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள். நான் திரும்பாவிட்டால் லேசாக இருமுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் மகளும் தரையில் தலையணையைப் போட்டுக்கொண்டு, ஏதாவது ஒரு பதிவைக் கேட்பார்கள். நான் காப்பி போட்டு எடுத்து வருவேன். என்னையும் உட்காரச் சொல்வார்கள், உட்கார்வேன். பதிவில் என் மனைவி சிரிப்பாள். மூச்சு வாங்க, "போதும்டா, வயிறு வலிக்குதுடா" என்று கெஞ்சிக் கெஞ்சிச் சிரிப்பாள். தரையில் உட்கார்ந்திருக்கிற என் மனைவி அதைக் கேட்டுப் புன்னகை செய்வாள். என் வீட்டில் அவள் சிரிப்பதெல்லாம் அந்தப் புன்னகை அளவுக்குத்தான். அன்பில்லை என்று சொல்ல மாட்டேன். காய்ச்சல் அடித்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். சட்டையில் பொத்தான் விழுந்தால் நான் கேட்பதற்கு முன்பே தைத்திருப்பாள். ஆனால் என்னை ஒரு நாளும் 'டா' போட்டதில்லை. 'நீங்க'தான். நல்ல மரியாதை. அந்த மரியாதையோடு நான் காப்பி ஆறும்வரை உட்கார்ந்திருப்பேன்.

பொறாமை என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். இல்லாத மனிதர்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? உயிரோடு இருக்கிறவர் என்றால் ஒரு நாள் எரிந்து விழுவார், குறட்டை விடுவார், சொன்ன நேரத்துக்கு வர மாட்டார். பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் கொஞ்சம் சலித்துப்போகும். இவருக்கு அந்தச் சங்கடமே இல்லை. வாராவாரம் நல்ல பிள்ளையாக வந்து, அதே வேடிக்கையைப் பேசி, அதே சிரிப்பை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நான் என்ன முட்டி மோதினாலும் அங்கே எனக்கு இடமில்லை. இது சமமான போட்டி இல்லை என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் பெட்டி கூவ ஆரம்பித்தது. ஒரு விளக்கு ஆரஞ்சு நிறத்துக்கு மாறியிருந்தது. காதை வைத்துக் கேட்டேன். ஒரு டிஸ்க்கில் முள் போய் முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. என் மனைவி வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தாள். பிள்ளை பெட்டிமேல் கை வைத்துப் பார்த்து, "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"உங்களால முடியும்ல?" என்று மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். "வேற யார் கையிலயும் குடுக்க எனக்கு மனசு வராது."

இந்த இடத்தில் விவரம் தெரியாதவர்கள் செய்வது ஒன்று உண்டு. செத்த டிஸ்க்கை உருவிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகி, பெட்டியையே சரிசெய்துகொள்ளச் சொல்லிவிடுவார்கள். அப்போது மற்ற மூன்று டிஸ்க்கும் ஓய்வில்லாமல் ஓடும். அதில் ஏற்கெனவே நோஞ்சானாக இன்னொன்று இருந்தால் பாதி வழியில் அதுவும் விழும். கதை முடிந்தது. நான் சோதித்துப் பார்த்தேன், அப்படி ஒன்று இருந்தது. உடனே பெட்டியை நிறுத்தினேன். டிஸ்க்குகளை வரிசை மாறாமல் எண் போட்டு, தனித்தனியாகத் துணியில் சுற்றிக் கடைக்கு எடுத்துப் போனேன். கெடுக்க நினைத்திருந்தால் நான் எதுவுமே செய்திருக்க வேண்டாம். புது டிஸ்க்கைச் செருகிவிட்டு வேலைக்குப் போயிருந்தால் போதும். இதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

மதிய இடைவேளைகளில் அந்த வேலையைச் செய்தேன். நல்ல டிஸ்க்குகள் இரண்டையும் முதலில் நகல் எடுத்தேன். நோஞ்சானைக் கெஞ்சித்தான் வாங்க வேண்டும். ஓரிடத்தில் அடம்பிடித்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும், சூடேறினால் நிறுத்தி ஆறவிட வேண்டும், பிறகு பின்னாலிருந்து படித்து வர வேண்டும். கடைசிவரை அது தராத இடங்களுக்காகச் செத்த டிஸ்க்கைத் திறந்து, அதே மாதிரியான வேறொன்றின் முள்ளை எடுத்துப் பொருத்தினேன். அது கொஞ்ச நேரம்தான் உயிரோடு இருந்தது. அதற்குள் எனக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டது. நகல்களைக் கோத்துத் திறந்தபோது எல்லாமே வந்திருந்தது. ஒரு பதிவுகூடப் போகவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை அமைந்ததில்லை. அன்றைக்கு உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

வாசலிலேயே நின்றிருந்தாள். பவுடர் போட்டு, தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டிருந்தாள். நான் வேலையிலிருந்து வரும்போது அவள் அப்படி நின்று பார்த்ததே இல்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக என் பையைப் பார்த்தாள்.

"கெடச்சுதா?"

"பாத்துட்டிருக்கேன். பெருசா எதிர்பார்க்காத" என்றேன்.

பொய் சொன்னேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் தொழிலில் எல்லோரிடமும் சொல்கிற வார்த்தை அது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மீட்ட கோப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அதுவும் தொழில் முறைதான். மறுநாள் மதியம் சாப்பாட்டை முடித்துவிட்டு ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போடாத பதிவுகள் நிறைய இருந்தன. ஒன்றில் மழை. பிள்ளை தூங்குகிறாள் போல, இரண்டு பேரும் கிசுகிசுவென்று பேசுகிறார்கள். என் மனைவி சொல்கிறாள்: "உன் தோள்ல சாஞ்சா எனக்குத் தூக்கம் தானா வந்துடுதுடா. மாத்திர மாதிரி."

எங்களுக்குத் திருமணமான புதிதில் அவள் என்னிடம் ஒன்று சொன்னாள். "உங்க தோள்ல சாஞ்சா எனக்குத் தூக்கம் தானா வந்துடுது. மாத்திர மாதிரி" என்றாள். அவள் எனக்காகவே சொன்ன வார்த்தை என்று அதை நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். கடையில் யாராவது கடுகடுத்தால்கூட அதை நினைத்துக்கொள்வேன், எல்லாம் சரியாகிவிடும். இப்போது பார்த்தால், 'டா'வை எடுத்துவிட்டு 'உங்க' போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

ஹெட்போனைக் கழற்றி, காது படும் இடத்தைத் துடைத்து வைத்தேன். அடுத்த வாடிக்கையாளரின் டிஸ்க்கைக் கையில் எடுத்தேன். எனக்குக் கோபம் எதுவும் வரவில்லை. எது மீண்டது, எது மீளவில்லை என்று முடிவு செய்வது என் கையில்தான் இருக்கிறது என்பது மட்டும் அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்தது.

முதலில் ஒரு மழைப் பதிவைக் கொடுத்தேன், வெறும் மழை. ஆரம்பத்தில் மட்டும் உங்கள் தம்பி, "ஜன்னல், மழை, மத்தியானம்" என்று சொல்லிவிட்டு விலகிவிடுவார். அந்த மூன்று வார்த்தைக்கு என் மனைவி என் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றாள். பிள்ளை வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி நன்றாக ஓடிய காலமெல்லாம் எனக்குக் கிடைக்காதது அது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்திருந்தால் இந்த நன்றியும் ஒரே நாளில் தீர்ந்துபோயிருக்கும். அதனால் ஒவ்வொன்றாகக் கொடுக்க நினைத்தேன்.

அடுத்து எதைக் கொடுப்பது என்று யோசித்தேன். ஒரு பதிவில் பிள்ளை மைக்கை இழுத்துக் கீழே தள்ளிவிடுகிறாள். உங்கள் தம்பி கத்துகிறார்: "தொடாதன்னு எத்தன தடவ சொல்றது? அறிவில்ல?" பிள்ளை வீறிட்டு அழுகிறாள். அதை அந்த அழுகைவரை கொடுத்தேன்.

"அப்புறம்?" என்று மனைவி கேட்டாள்.

"பாதிதான் மீண்டது" என்றேன்.

மீதிப் பாதியில் அவர் பிள்ளையைத் தூக்கி, "ஐயோ, பயந்துட்டியா தாமதாம்பாள்? அப்பா தப்பு. அப்பா காதப் பிடிச்சுக்கறேன் பாரு, நீயும் ஒரு தடவ திருகு" என்பார். டாக்டர் சொன்ன தேதி தாண்டியும் ஆடி அசைந்து வந்து பிறந்த பிள்ளை என்பதால் அந்தப் பெயர். பிள்ளை காதைத் திருகத் திருக அவர் மாடு மாதிரி கத்துவார். அழுத பிள்ளை விக்கி விக்கிச் சிரிக்கும். நீளமான சிரிப்பு. எந்தப் பதிவில் அந்தப் பெயர் வந்தாலும் கொஞ்சலும் கூடவே வந்துவிடும். ஆகவே அந்தப் பெயர் வருகிற ஒன்றையும் நான் வெளியே விடவில்லை.

கொடுத்ததில் ஒரு சொல்லாவது நான் இட்டுக்கட்டியதா? இல்லை. அவர் கத்தியது நிஜம், பிள்ளை அழுதது நிஜம். வாராவாரம் நல்லவராகவே வந்துபோன மனிதருக்கு இன்னொரு பக்கமும் இருந்தது என்று எடுத்துக் காட்டினேன். எல்லாக் குடும்பத்திலும் இருப்பதுதானே.

பிள்ளைக்குக் காய்ச்சலாக இருந்தபோது அவர் வெளியூர் கிளம்பிய சண்டையைக் கொடுத்தேன். கடைசியில் அவர் பயணத்தை ரத்துசெய்துவிட்டுப் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அது மீளவில்லை. பிறகு, கதவு படாரென்று சாத்தப்படுகிற ஒன்று. காற்றுதான் சாத்தியது. பிறகு அவர் யாரிடமோ தொலைபேசியில், "எனக்கு இந்த வீட்டுல நிம்மதியே இல்ல" என்று சொல்வது. பக்கத்துக் கட்டடத்தில் சுவர் இடித்துக்கொண்டிருந்தார்கள், ஒலிப்பதிவு செய்ய முடியவில்லை என்று அலுத்துக்கொள்கிறார். இடிக்கிற சத்தத்தை எடுத்துவிட்டேன். அது வெறும் இரைச்சல்தானே.

ஒன்றே ஒன்று மட்டும் சற்று அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. தன் அம்மா இறந்த செய்தி வந்த அன்று என் மனைவி கதறி அழுத ஒரு பதிவு இருந்தது. அதை அவர் கத்திய இன்னொரு பதிவுக்குப் பின்னால் வைத்தேன். அடுத்தடுத்து வைத்தேன், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் அறையின் ஓசை மாறுவது தெரியாமல் சமன்படுத்த நிறைய நேரம் பிடித்தது. அவர் அருமையான ஒலிப்பதிவாளர். அவருடைய கோப்பில் கை வைக்கும்போது மட்டமாகச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

என் மனைவி அதைத் திரும்பவும் முதலிலிருந்து ஓடவிட்டுக் கேட்டாள். "இது எப்ப நடந்துச்சு? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றாள்.

"வேண்டாத ஞாபகத்த மனசே தூக்கிப் போட்டுரும்" என்றேன்.

"நான் அப்படி அழுதிருக்கேனே. அப்புறம் எப்படி அவர இத்தன நாளா நல்லவராவே நினைச்சிட்டிருந்தேன்?"

அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்த வாரம்தான் உங்களுக்குப் போன் செய்தாள், நினைவிருக்கிறதா? அவன் அப்படிப்பட்டவனே இல்லை என்று நீங்கள் அடித்துச் சொன்னீர்களாம். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "கூடப் பொறந்தவங்க விட்டுக்குடுப்பாங்களா" என்றாள். நான் உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நீங்கள் பாசமானவர் என்றுதான் சொன்னேன். அதன் பிறகு அவள் பழைய கதைகளைச் சொல்வதைக் குறைத்துக்கொண்டாள். ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் நடுவிலேயே நிறுத்தி, "அப்படித்தான் நடந்துச்சா, தெரியல" என்று முடித்துவிடுவாள். சமையலில் உப்புப் போட்டேனா, கதவைப் பூட்டினேனா என்றுகூட என்னைக் கேட்க ஆரம்பித்தாள். நான் பொறுமையாகப் பதில் சொல்வேன். எங்கள் இருவருக்கும் நெருக்கம் கூடியது அந்தக் காலத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி தானாக நின்றது. பிள்ளை ஒரு நாள், "அப்பா என்னை அடிப்பாராம்மா?" என்று கேட்டாள். இல்லவே இல்லை என்று என் மனைவி உடனே சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் "தெரியலடா" என்றாள். அவருடைய பெரிய ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு விளையாடுவது பிள்ளைக்கு வழக்கம். அதைப் பிள்ளையே கொண்டுபோய் அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். கதவை என்னைச் சாத்தச் சொன்னாள். யாராவது உரக்கப் பேசினால் பிள்ளை நடுங்குகிறாள் என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லி அனுப்பினார். வீட்டில் எந்தத் தொந்தரவும் கிடையாது. முன்பெல்லாம் தடதடவென்று ஓடுவாள். இப்போது நடப்பதே தெரியாது. நல்ல அடக்கமான பிள்ளையாகிவிட்டாள்.

ஒரு மாலை நான் முகம் கழுவிவிட்டு வரும்போது சமையலறையில் கண்ணாடிக் குவளை உடைந்து கிடந்தது. பிள்ளை சுவரோடு ஒட்டி நின்றாள். இரண்டு கையாலும் காதை இறுகப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "அப்பா, சாரிப்பா, வேணும்னு போடலப்பா" என்றாள்.

அப்பா என்றாள். முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பரவாயில்லம்மா" என்றேன். காதைப் பொத்திக்கொண்டிருந்ததால் அவளுக்குக் கேட்டிருக்காது. சில்லுகளை நானே பெருக்கி அள்ளினேன். அவ்வளவு நிம்மதியாக நான் எந்த வேலையையும் செய்ததில்லை.

அப்படியே போயிருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருந்திருக்கும். தவறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், நான் அந்தப் பதிவுகளைக் கேட்பதை நிறுத்தாமல் இருந்ததுதான். வேலை முடிந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தேன். மதியம் ஹெட்போன் மாட்டாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. எந்த இடத்தில் அவர் மூச்சை இழுப்பார், எந்தச் சொல்லுக்கு முன்னால் தயங்குவார், எப்படிப் பேசினால் அவள் சிரிப்பாள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படியாகிவிட்டது.

போன மாதம் ஒரு நாள் காலையில் பிள்ளை ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுடைய பையோடு வாசலில் நின்றேன். "சீக்கிரம் வா தாமதாம்பாள், பஸ் போயிரும்" என்றேன்.

நான் சொன்னதே எனக்குத் தெரியாது. பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த மாதிரி ஒரு முகத்தோடு அவள் என்னைப் பார்த்ததே இல்லை. யாரையோ தேடுகிற மாதிரி என் பின்னாலும் எட்டிப் பார்த்தாள். சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நின்றுவிட்டது.

ஈரக் கையோடு என் மனைவி வந்தாள். "என்ன சொன்னீங்க?"

"பஸ் போயிரும்னேன்."

"அந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ எப்பவாவது சொல்லியிருப்ப."

"நானே மறந்துபோன பேரு அது. இப்ப நீங்க சொல்லித்தான் எனக்கு ஞாபகம் வருது." அவள் குரல் உயரவில்லை. "நீங்க குடுத்த எதுலயும் அது இல்ல. எனக்கு ஒவ்வொண்ணும் மனப்பாடம்."

பிள்ளையின் காலிலிருந்து ஷூவைக் கழற்றினாள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. அந்த நாலு டிஸ்க்கும் அப்படியே தனக்கு வேண்டும் என்றாள். கடையில் இருக்கிறது, சாயந்திரம் கொண்டுவருகிறேன் என்றேன்.

கொண்டுவந்தேன். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றித்தான் கொடுத்தேன். அவள் அதை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். டிஸ்க்குகளை வேறொரு கடையில் காட்டினீர்களாம். தானாகக் கெட்ட டிஸ்க்கில் ஏதாவது மிச்சம் மீதி இருக்கும், இதில் முதலிலிருந்து கடைசிவரை வெறும் பூஜ்யம், யாரோ உட்கார்ந்து அழித்திருக்கிறார்கள் என்று அந்த ஆள் சொன்னாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பகல் முழுவதும் நான் வேறு வேலை பார்க்கவில்லை. மூன்று டிஸ்க்கை அழித்தேன். செத்ததைத் திறந்து தட்டைச் சுரண்டினேன். நான் எடுத்து வைத்திருந்த நகல்களையும் விடவில்லை. இனிமேல் வேறு யாரிடமும் காட்டி அலைய வேண்டாம். நான் அவளுக்குக் கொடுத்த துண்டுகளைத் தவிர உங்கள் தம்பியின் குரல் எங்கேயும் இல்லை. நான்தான் செய்தேன். யாரும் தூண்டவில்லை, குழப்பத்தில் செய்யவுமில்லை.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் நேற்று நீங்கள் கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் கேட்டீர்கள். அதுவரை அதட்டிக்கொண்டிருந்த குரல் அப்போது இறங்கிவிட்டது. "பிள்ள இப்ப அவ அப்பாவப் பத்தி யார் சொன்னாலும் நம்பறதில்ல. நான் சொன்னா, அத்தை பொய் சொல்றாங்கறா. அவங்கம்மாவுக்கே எது நெசம்னு தெரியல. அவன் பிள்ளைகிட்ட என்னென்ன பேசினான்னு எல்லாத்தையும் கேட்டது நீங்க ஒருத்தர்தான். கெஞ்சிக் கேக்கறேன். ஞாபகம் இருக்கறத எழுதிக் குடுங்க. கெடுத்த ஆளே எழுதினா அவ நம்புவா" என்றீர்கள். என் முன்னால் அழக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கிறது, ஒரு சொல் பிசகாமல். இன்று காலையிலிருந்து அதைத்தான் எழுத முயன்றேன். இருவரும் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட பதிவில் அவர் பிள்ளையிடம் பேசியதைக் கால் பக்கம்வரை எழுதினேன். எழுதும்போதே பிள்ளை அதைப் படிப்பது கண்முன் வந்தது. எழுத்துக்கூட்டி, விரல் வைத்து, மெதுவாகப் படிப்பாள். பிறகு அவளுக்கு எந்த முகம் வரும் என்றும் எனக்குத் தெரியும். ஷூ லேஸைக் கையில் பிடித்தபடி என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தாளே, அந்த முகம்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். நிதானமாக யோசித்துத்தான் செய்தேன். பிள்ளை இப்போதுதான் ஒரு நிலைக்கு வந்திருக்கிறாள். திரும்பவும் அவரைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினால் தாங்க மாட்டாள். உங்களுக்கு என்மேல் கோபம் இருக்கும், ஆனால் பிள்ளையின் நன்மையை யாராவது ஒருவர் பார்க்க வேண்டும். அவளுடைய அறையை அப்படியே வைத்திருக்கிறேன், தினமும் துடைத்துவிடுகிறேன். கொஞ்ச நாள் போனால் தானாகத் திரும்பி வருவாள். ஒரு பிள்ளைக்கு ஒரு அப்பா போதும்.